ஏட்டம்மாவின் இரண்டு வரிகள்

எங்கள் ஊருக்குள் வந்த போலீஸ்காரர்களில் உட்கார்ந்து பேசியவர் அவர் ஒருவர்தான். அதற்கு முன் வந்தவர்கள் ஜீப்பை விட்டு இறங்காமலே விசாரிப்பார்கள். இறங்கினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இவர் ஸ்கூட்டரில் வந்தார். தொப்பியை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நான் சூப்பர்வைசராக இருக்கும் கோழிப்பண்ணையின் முட்டை ஷெட்டுக்குள் நேராக நுழைந்து, ஒரு தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து, “அண்ணா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு” என்றார்.

போலீஸ் தண்ணீர் கேட்டதே எனக்குப் புதிது. அதைவிடப் புதிது அந்த ‘குடு’. நாமக்கல் பக்கத்தில் நடை பழகும் குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“கோவிச்சுக்காதண்ணா. நான் கெங்கவல்லிப் பக்கம். எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம். உங்க ‘ங்க’ எனக்கு வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும்.”

சொன்னபடியே ஒரு மாதத்தில் வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்களைவிட அதிகமாகவே ‘ங்க’ போட்டார்.

அவர் தலைமைக் காவலர். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை, எல்லோருக்கும் ஏட்டம்மாதான். நானும் இங்கே அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குக் காக்கிச் சட்டையோடு பழக்கம் உண்டு, நல்ல பழக்கமல்ல. பதினான்கு வருடம் வடக்கு லைனில் லாரி ஓட்டினேன். நாக்பூர், ராய்ப்பூர், கல்கத்தா, அதற்கும் மேலே சிலிகுரி வரை. காக்கியைக் கண்டால் என் கை தானாக ஆர்.சி. புத்தகத்தைத் தேடும். முதுகுத்தண்டு விலகி வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் பண்ணை வேலைக்கு வந்தேன். வண்டி ஓட்டியதில் எனக்கு மிச்சமானது இந்தி. பண்ணையில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்பதால் அதற்காகத்தான் முதலாளி என்னை வைத்துக்கொண்டார். அதற்காகத்தான் ஏட்டம்மாவும் என்னிடம் வந்தார்.

அப்போது ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. அதுவரை எங்களுக்கு ஒரு களவு போனாலும் அடிதடியானாலும் இரண்டு பஸ் மாறி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்றே தெரியாது. புது ஏற்பாட்டில் இரண்டு மூன்று ஊருக்கு ஒரு காவலர். அந்த ஊர்களுக்கு அவர்தான் ஸ்டேஷன். அவருடைய செல் நம்பரை ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்கள். எங்களுக்கு வாய்த்தது இவர்.

இந்த ஏற்பாட்டை ஏட்டம்மா அளவுக்கு நம்பிய ஆளை நான் பார்க்கவில்லை. அவருடைய அதிகாரிகள்கூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள். டீ குடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்:

“நாட்டுப் பாதுகாப்பு, நாட்டுப் பாதுகாப்புன்னு டிவியில பேசறாங்களேங்கண்ணா. எல்லையில துப்பாக்கியோட நிக்கறாங்களே, அது ஒரு வேலை. இந்த ஊர்ல புதுசா யாரு குடி வந்திருக்கா, எதுக்கு வந்திருக்கா, அதத் தெரிஞ்ச போலீஸ் ஊருக்கு ஒரு ஆளு இருக்கணும். அது அதவிடப் பெரிய வேலை. சென்னையில உக்காந்துக்கிட்டு இந்த ஊரக் காப்பாத்த முடியுமா?”

“அதுக்குத்தான் கேமராவெல்லாம் வெச்சிருக்காங்களேங்க.”

“கேமராவுக்கு மூஞ்சிதாங்கண்ணா தெரியும். மனுசனத் தெரியாது. மனுசனா வந்து நம்மகிட்டச் சொல்லணும். பயந்தா சொல்ல மாட்டான்.”

சொன்னதை அவர் செய்தும் காட்டினார். அவரிடம் யாரும் பயப்படவில்லை. காரணம், அவர் கேட்கிற விதம். எதையும் மறக்க மாட்டார். ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்பார். ஊரைச் சொன்னால் அடுத்த ஊர் எது என்பார். அந்த ஊரில் என்ன விளையும், எந்த மாதம் கோயில் நோம்பி, ஆற்றில் தண்ணீர் வருமா என்று போவார். கேட்கப்படுகிறவருக்கு அது விசாரணையாகவே தோன்றாது. தன் ஊரைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று வாய் திறந்து கொட்டிவிடுவார். மூன்று மாதம் கழித்துத் தெருவில் பார்த்தாலும், “உங்க தங்கச்சிக்குப் பிரசவம் ஆச்சுங்களா? ரெண்டாவதும் பொண்ணா?” என்பார். என் மகளின் பரீட்சைத் தேதி என் மனைவிக்கு மறந்துபோய், ஏட்டம்மா நினைவூட்டிய கதையும் உண்டு.

ஒருமுறை கிணற்று மோட்டாரின் காப்பர் ஒயரை நாலு தோட்டத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புகார் எழுதுவதற்கு முன்பே ஏட்டம்மா பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தக் கடைக்காரரின் மைத்துனன் ஜெயிலிலிருந்து வந்திருப்பதை அவருடைய மனைவியே பேச்சுவாக்கில் ஏட்டம்மாவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஒயர் மறுநாளே திரும்பி வந்தது. ஊர் அசந்துபோனது. அந்த மனைவி மட்டும் அதற்கப்புறம் ஏட்டம்மாவைப் பார்த்தால் வேறு சந்தில் திரும்பிப் போனாள். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அவர் எங்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்தார். அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. மூன்று வருடப் பழக்கத்தில் அவருக்கு எத்தனை குழந்தைகள் என்று நான் அறியவில்லை. யாராவது கேட்டால் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கேட்டவரின் குழந்தையைப் பற்றிக் கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் நாம் என்ன கேட்டோம் என்பது நமக்கே மறந்துவிடும்.

பண்ணைக்குப் பின்னால் வேலையாட்களுக்காக முதலாளி கட்டிய லைன் வீடுகள் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினாறு அறைகள். எங்கள் பண்ணை ஆட்களும் பக்கத்துத் தறிப்பட்டறை ஆட்களும் அங்கே இருந்தார்கள். ஏட்டம்மா வந்த இரண்டாம் மாதம், அங்கே இருக்கும் எல்லோருடைய விவரத்தையும் எழுத வேண்டும், மொழிபெயர்க்க நீங்கள் வர வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

“வேண்டாங்க ஏட்டம்மா. போலீஸ் பேரு எழுதுதுன்னா ராத்திரியோட ராத்திரியாக் கெளம்பிப் போயிருவாங்க. முட்டை பொறுக்க ஆளிருக்காது எனக்கு.”

“ஓமலூர்ப் பக்கம் ஒரு செங்கச் சூளையில ஒருத்தன் செத்துப்போனாங்கண்ணா. எந்த ஊருன்னு தெரியல. செல்லு லாக்கு. ஆஸ்பத்திரியில பத்து நாள் கெடந்தான். கடைசியா நாங்களே எடுத்துப் போட்டோம். அவங்க அம்மா இன்னும் போன் அடிச்சுக்கிட்டு இருப்பா. அது மாதிரி ஆவக் கூடாதுன்னுதான்.”

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

நான் போனேன். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, “இவங்க நம்மாளு. பயப்படாம சொல்லுங்க” என்று இந்தியில் சொன்னேன். அறுபது பேர் சொன்னார்கள். என்னை நம்பித்தான் சொன்னார்கள். அவரை அவர்களுக்குத் தெரியாது.

அந்த லைன் வீட்டில் ஏழாவது அறையில் இருந்தவர்கள் நிதாயும் பூர்ணிமாவும். மேற்கு வங்காளத்தில் கூச்பிகார் பக்கத்துக்காரர்கள். நிதாய் தீவனம் கலக்கும் மிஷினைப் பார்த்துக்கொண்டான். பூர்ணிமா முட்டை பொறுக்குவாள். வந்தபோது ஒரு வயதாக இருந்த பெண் குழந்தை. எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போய் என் மகளைவிட நல்ல கொங்குத் தமிழ் பேசும். நான் சிலிகுரி வரை வண்டி ஓட்டியவன் என்பதால் நிதாய்க்கு என்மேல் தனிப் பிரியம். தன் ஊர் ரோட்டை நேரில் பார்த்த ஆள் இந்த நாமக்கல் சீமையில் நான் ஒருவன்தானே. என்னை ‘தாதா’ என்பான், அவர்கள் பாஷையில் அண்ணன்.

ஏட்டம்மாவுக்கும் அந்த வீடு பிடித்துப்போனது. வந்தால் பூர்ணிமா கையால் கட்டாயம் ஒரு டம்ளர் டீ. அந்தக் குழந்தையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து ஒரு சுற்று சுற்றிவருவார்.

அந்தப் பழக்கம் வீண் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் பூர்ணிமா ஏட்டம்மாவுக்குப் போன் செய்து, எட்டாவது அறைக்குப் புதிதாக வந்தவன் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாக மெழுகுவர்த்தி வைத்திருக்கிறான், ஆனால் அது மெழுகுவர்த்தி மாதிரி இல்லை என்றாள். ஏட்டம்மா விலாசம் சரிபார்க்கிற மாதிரி வந்து அவனை வெளியே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கையில், சாதாரண உடையில் வந்த இரண்டு பேர் அறைக்குள் போனார்கள். பாறைக்கு வைக்கிற வெடி. கல்குவாரியில் திருடியது. யாருக்காக வைத்திருந்தான் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கூரையின் கீழ் அறுபது பேரும் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளும் படுத்திருந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

பெரிய அதிகாரிகளெல்லாம் காரில் வந்து பார்த்தார்கள். யார் தகவல் சொன்னது என்று ஒரு அதிகாரி கேட்டபோது, “ஊர்ல பேசிக்கிட்டாங்க சார்” என்று மட்டும் ஏட்டம்மா சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் பூர்ணிமா இருந்த திசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. லாரிக்காரன் ஒருவன் போலீஸ்காரி ஒருவரை மனசார நம்பினான் என்றால், என் பழைய கிளீனர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நிதாய்க்கு அம்மா கிடையாது. அவனை வளர்த்தவள் அம்மாவின் அக்கா. அவனை ஆளாக்கிவிட்டுப் பிறகு அவள் கல்யாணமாகிப் போன ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், வங்காள தேசத்தில் இருக்கிறது. எல்லை என்றால் என்னவோ நாம் நினைக்கிறோம். அவன் ஊரில் அது ஒரு வாய்க்காலும் அதற்கப்பால் ஒரு முள்வேலியும்தான் என்பான். அந்தப் பெரியம்மா சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுத்துவிட்டாள். அவளைப் போய்ப் பார்க்க வேண்டும், முறையாகப் பாஸ்போர்ட் எடுத்துப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. என்னிடம் கேட்டான். நான் ஏட்டம்மாவிடம் கூட்டிப்போனேன்.

முட்டை ஷெட்டில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு.

“பாஸ்போர்ட்டுன்னா போலீஸ் விசாரணை என்கிட்டத்தாங்கண்ணா வரும். உண்மையச் சொல்லச் சொல்லுங்க. அப்பத்தான் நான் சரியா எழுத முடியும்.”

நிதாய் என்னைப் பார்த்தான். “சொல்லு, நான் இருக்கேன்” என்றேன். பெரியம்மாவைப் பற்றிச் சொன்னான். வாரத்துக்கு இரண்டு தடவை செல்லில் பேசுவதைச் சொன்னான். அவள் முகத்தைச் செல்லில் காட்டவும் செய்தான். ஏட்டம்மா வழக்கம்போல அவள் ஊரைக் கேட்டார், அடுத்த ஊரைக் கேட்டார், வாய்க்காலில் தண்ணீர் ஓடுமா என்று கேட்டார்.

எனக்கு மட்டும் உள்ளே எதுவோ உறுத்தியது. “ஏட்டம்மா, இதை எழுத வேண்டாங்க. அந்தப் பக்கம் சொந்தம், போன் பேசறான்னு காயிதத்துல இருந்தா, நாளைக்கு வேற யாராச்சும் வேற மாதிரி படிச்சுப்போடுவாங்க” என்றேன்.

அவர் என் முன்னாலேயே நோட்டை மூடினார். “எழுதலைங்கண்ணா. என்கிட்டச் சொன்னது என்கூட.”

போகும்போது நிதாய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

வடக்கே எங்கோ ஏதோ நடந்தது. டிவியில் ஒரு வாரம் அதே பேச்சு. அதற்கப்புறம் எல்லா ஊரிலும் வெளியாட்களைச் சரிபார்க்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கென்ன, ஏட்டம்மாவிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

காலை பத்து மணிக்கு இரண்டு வேன்கள் லைன் வீட்டின் முன்னால் வந்து நின்றன. தனிப்படை. எங்கள் ஜில்லாவில் அதுவரை பார்த்திராத முகங்கள். இன்ஸ்பெக்டர் கையில் அச்சடித்த காகிதங்கள். அறை வாரியாகப் பெயர்கள், செல் நம்பர்கள், அப்பா பெயர்கள். அந்தப் பட்டியலில் யார் யார் எந்த அறையில் என்பது அவ்வளவு சரியாக இருந்தது. முதலாளியின் வருகைப் பதிவேட்டில்கூட அப்படி இருக்காது.

ஏட்டம்மா வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தொப்பி போட்டிருந்தார். எங்கள் ஊரில் அவர் தொப்பியோடு நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் ஏழாவது அறைக்கு வந்தார். நிதாய் கையில் தீவன மாவு ஒட்டியிருந்தது. மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தான். ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் நீட்டினான். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்து, “பெரியம்மா பங்களாதேஷ்ல இருக்காளா? வாரம் ரெண்டு தடவை பேசறியாமே. என்ன பேசுவே?” என்றார்.

என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவ்வளவு தமிழ் நிதாய்க்குத் தெரியும்.

நிதாய் ஏட்டம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அந்த ஷெட்டில் அன்றைக்கு இருந்தது மூன்று பேர். அதில் அவனுக்கு உறுதி சொன்னவன் நான்.

நிதாயையும் சேர்த்து ஏழு பேரை ஏற்றினார்கள். பூர்ணிமா வெளியே நின்று வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏட்டம்மாவை, “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டாள். ஏட்டம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். மெதுவாகத்தான் எடுத்தார். குழந்தை வழக்கம்போல ஸ்கூட்டரைத் தேடிக்கொண்டு அவரிடம் ஓடியது. நான் தூக்கிக்கொண்டேன்.

சேலம் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களை வைத்திருந்தார்கள். பதினோரு நாள். நான் ஏட்டம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ரேஷன் கடைச் சுவரைப் பார்த்து நம்பர் சரிதானா என்றுகூடச் சோதித்தேன். நாலாம் நாள் எடுத்தார். “அண்ணா, இப்பப் பேச முடியாதுங்க” என்றார். வைத்துவிட்டார். அதற்கப்புறம் என் நம்பரிலிருந்து கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருக்கும்.

நிதாயின் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிடித்து, அவன் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்ப வைத்தோம். அவன் தாத்தாவின் நிலப்பத்திரத்தை ஒரு மச்சான் தேடிக் கொடுத்தான். முதலாளி தன் கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்தார். பன்னிரண்டாம் நாள், “எல்லாம் சரியா இருக்கு, போகலாம்” என்று விட்டார்கள். ஒரு மன்னிப்பும் இல்லை. ஒரு காகிதமும் இல்லை. அந்தப் பதினோரு நாளில் நிதாயின் பெரியம்மா இறந்துவிட்டாள். அவன் செல் போலீஸிடம் இருந்ததால் அது அவனுக்கே தெரியாது. கையில் செல்லைக் கொடுத்ததும் பார்த்தான். மண்டப வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே மூட்டை கட்டிவிட்டார்கள். நான் எவ்வளவோ சொன்னேன். பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டே பாத்திரங்களை அடுக்கினாள். நிதாய் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

“மிஷின்ல பெல்ட் தேஞ்சிருக்கு. மாத்தச் சொல்லுங்க, சூப்பர்வைசர் சாப்” என்றான்.

மூன்று வருடம் தாதா என்று கூப்பிட்டவன்.

ஏட்டம்மா ஒரு மாதம் கழித்துப் பண்ணைக்கு வந்தார். அதே தீவன மூட்டையில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

“திட்டணும்னா திட்டிருங்கண்ணா.”

“எழுதலைன்னு சொன்னீங்களேங்க.”

“அன்னைக்கு எழுதல. அப்புறமா எழுதினேன். மேலேர்ந்து கேட்டாங்க. அந்தந்த ஊர்ப் போலீஸ் அவங்கவங்களுக்குத் தெரிஞ்சத வெச்சிருந்தாப் பத்தாது, எல்லாத்தையும் ஒரே கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னாங்க. ஒண்ணும் விடக் கூடாது, விட்டது பின்னாடி தெரிஞ்சா எழுதுனவங்க பொறுப்புன்னாங்க. நான் ரெண்டு வரி எழுதினேங்கண்ணா. பெரியம்மா அங்க இருக்கறது ஒரு வரி. மூணு வருசமாத் தெரியும், ஒழுங்கான குடும்பம், சந்தேகப்பட ஒண்ணுமில்லங்கறது ஒரு வரி. முதல் வரியத்தான் ஏத்தியிருக்காங்க. ரெண்டாவதுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல எடமே இல்லையாம்.”

அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஊரைத் தெரிந்த ஒரு ஆள் ஊரிலேயே இருந்தால் வெளியிலிருந்து யாரும் வேன் கொண்டுவர வேண்டியதில்லை என்று நம்பியவர் அவர். அவர் சேர்த்ததையெல்லாம் உருவிக்கொண்டு, அவரையே வேனுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். அந்த அளவில் அவரும் ஏமாந்தவர்தான். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

“ரெண்டாவது வரிய நீங்க வாயால சொல்லியிருக்கலாங்களே. அன்னைக்கு அங்கதான நின்னுட்டு இருந்தீங்க. சார், இந்த ஆள எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை.”

அவர் ஷெட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருக்கலாங்க” என்றார்.

நான் எழுந்து போய் லோடு ஏற்றுகிறவர்களைச் சத்தம் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார்.

கொஞ்ச நாளில் அவரை ஜில்லா ஆபீசுக்கு மாற்றினார்கள். ஊரோடு பழகித் தகவல் சேர்ப்பது எப்படி என்று புதிதாக வரும் காவலர்களுக்கு அவர்தான் வகுப்பு எடுக்கிறார் என்று கேள்வி. ஏழு பேரில் நாலு பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். லைன் வீட்டில் இப்போது யாராவது காக்கியில் வந்தால் கதவுகள் உள்பக்கமாகச் சாத்திக்கொள்ளும். என்னைக் கண்டாலும் பேச்சு நின்றுவிடுகிறது.

போன மாதம் புதிய எண்ணிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பூர்ணிமா. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், தடுப்பூசி அட்டை எங்கள் ஊர் அங்கன்வாடியில் மாட்டிக்கொண்டது, அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அவளுக்கு வேறு யாரும் தெரியாததால்தான் என்னைக் கேட்டாள். குரலிலேயே அது தெரிந்தது. விலாசத்தைச் செல்லில் அனுப்பினாள். அட்டையை வாங்கி, குழந்தைக்கு ஒரு கவுனும் வைத்து, பார்சல் அனுப்பினேன். வந்து சேர்ந்ததாக ஒரு வார்த்தை வந்தது. நிதாய் பேசவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து முதுகு வைத்தியத்துக்காகச் சேலம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் மத்தியான வெயிலில் நின்றிருந்தபோது, “நல்லா இருக்கீங்களாண்ணா?” என்று ஒரு குரல். சேலை கட்டியிருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஏட்டம்மா இளைத்திருந்தார். முன்பக்கம் நரைத்திருந்தது.

மகளைப் பற்றிக் கேட்டார். முதுகைப் பற்றிக் கேட்டார். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, “நிதாய் குடும்பம் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமாங்கண்ணா?” என்றார். “டூட்டிக்காகக் கேக்கலைங்க. ஒரு தடவை நேர்ல போயி... அந்தக் குழந்தையவாவது பாத்துட்டு வரணும். தூக்கமே வர்றதில்லைங்க.”

அவர் கண்ணைப் பார்த்தேன். செங்கல் சூளையில் செத்தவனைப் பற்றிச் சொன்னபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போவார். போய் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழக்கூடச் செய்வார். அங்கிருந்து திரும்பி வந்த பிறகு, எப்போதாவது யாராவது மேலேயிருந்து கேட்டால் என்ன செய்வார் என்பது அவருக்கே தெரியாது.

“தெரியாதுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். இருபது வருடம் மனிதர்களைக் கேள்வி கேட்டவர். நான் சொன்னது என்னவென்று அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. தலையை மட்டும் ஆட்டினார்.

“நல்லா இருந்தாச் சரிங்க.”

என் பஸ் வந்தது. ஏறி, அவர் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தேன். மல்லூர் தாண்டியதும் செல்லை எடுத்து அந்த விலாசத்தை அழித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பூர்ணிமாவின் நம்பரையும் அழித்தேன்.